பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாத வயது

மூத்த பேரன் ஒருவரின் பகிர்வு:

எங்கள் பாட்டி 97 வயதில் காலமானார். இரங்கல் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்ததால், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டேன். எல்லோரும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று ஐயம் வருமளவுக்கு அவை வேறுபட்டிருந்தன. பெரிய மாமா அறிந்தவர், வரவு செலவு நோட்டில் ஒரு வரி விடுபட்டாலும் வீட்டில் யாரையும் உறங்க விடாத கண்டிப்பான தாய். கடைசிச் சித்தி அறிந்தவரோ, தேர்வில் தோற்று வந்த மகளை ஒரு வார்த்தை கேட்காமல் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டவர். கொள்ளுப்பேரன்களுக்கு அவர், தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததுமே கண் தெரியவில்லை என்று சொல்லிச் சீட்டுகளைக் கலைத்துவிடும் விளையாட்டுத் தோழி.

ஆனால் திருமணத்துக்கு முந்தைய பாட்டியைப் பற்றி ஒருவராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்தை அறிந்தவர்களில் கடைசிவரை இருந்தவர் அவருடைய தங்கை மட்டுமே. அந்தச் சின்னப்பாட்டியும் ஈராண்டுகளுக்கு முன்பே போய்விட்டார்.

அவர்கள் இருவரும் தொலைபேசியில் பேசுவதைக் கேட்க வேண்டும். முதுமையில் காது மந்தமாகும்போது உயர்ந்த சுருதி கொண்ட ஒலிகளே முதலில் மங்குகின்றன. அதனால் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. கத்திப் பேசுவதைவிட முகம் பார்த்து, குரலின் சுருதியைச் சற்றுத் தாழ்த்தி, நிறுத்திப் பேசினால்தான் புரியும். தொலைபேசியில் முகமும் தெரியாதல்லவா? தங்கை முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல, அக்கா கொள்ளுப்பேரனின் பள்ளிக்கூடத்தைப் பற்றி விடை சொல்வார். இருவரும் மனநிறைவோடு இணைப்பைத் துண்டிப்பார்கள். பேச்சின் பொருள் அவர்களுக்குத் தேவைப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தங்கை மறைந்த வாரத்தில், துணி மடித்துக்கொண்டிருந்த பாட்டி, "இனிமே என்னை ஏண்டின்னு கேட்க ஒருத்தரும் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் அம்மா, அத்தை, பாட்டி. அவருடைய பெயரைச் சொல்லி அழைத்தவர் எவரும் மிச்சமில்லை.

மருமகள் ஒருவரின் மறுமொழி:

என் மாமியார் 94 வயது வரை இருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் நிறைவாழ்வு, கொடுத்துவைத்தவர் என்றே சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் எத்தனை பேருக்கு, அவர் தம்முடைய 71ஆம் வயதில் இரண்டாவது மகனைப் பறிகொடுத்த பிறகு இருபத்துமூன்று ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது நினைவிலிருந்தது என்று தெரியவில்லை. ஆவணங்களால் உறுதிசெய்யப்பட்டதாக ஏற்கப்படும் மிக நீண்ட மனித ஆயுள், பிரான்சின் ஆர்ல் நகரைச் சேர்ந்த ழான் கால்மான் என்பவருடையது. 1875 முதல் 1997 வரை, 122 ஆண்டுகளும் 164 நாள்களும் அவர் வாழ்ந்தார். அவரைப் பற்றிய செய்திகளில் அந்த எண்தான் பெரிதாக இடம்பெறுகிறது. 1934இல் ஒரே மகளையும் 1963இல் ஒரே பேரனையும் இழந்து, அதற்குப் பிறகும் அவர் 34 ஆண்டுகள் இருந்தார் என்பது பெரும்பாலும் அடுத்த பத்தியில் ஒரு வரியாக வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் மாமியார் எளிதானவர் அல்லர். சாவிக்கொத்து எண்பது வயதுவரை அவர் இடுப்பில்தான் இருந்தது. அதற்காக நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். நினைவுக் குறிப்பில் அவரைச் சாந்த சொரூபியாக்கிவிட்டால், நாற்பது ஆண்டுகள் நான் சண்டையிட்டதும் பின்னர் உயிராய் நேசித்ததும் யாரை என்பதே தெரியாமல் போய்விடும்.

பேத்தி ஒருவரின் மறுமொழி:

முதியவர்கள் பழங்கதை பேசுவதை அறிவு மங்குவதன் அடையாளமாகவே ஒரு காலத்தில் மருத்துவர்களும் பார்த்தார்கள். அது வாழ்வைத் திரும்பிப் பார்த்து ஒழுங்குசெய்துகொள்ளும் இயல்பான செயல் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதினார். ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயதுவரையிலான நினைவுகளே முதுமையில் அதிகமாகத் திரும்பி வருகின்றன என்பதையும் பிற்கால ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. மேலே பேரன் தேடியது சரியாக அந்தப் பகுதியைத்தான்.

நான் என் பாட்டியின் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், "என்னத்தைச் சொல்ல, எல்லாரையும் போலத்தான்" என்பதோடு முடிந்துவிடும். நீங்கள் பிறந்த வீட்டில் சன்னல் எந்தப் பக்கம் இருந்தது, அதன் அருகில் யார் படுத்தார்கள் என்று கேட்டால் ஒரு மணி நேரம் ஓடும். பழைய புகைப்படத்தைக் கையில் கொடுத்துவிட்டு நாம் வாயை மூடிக்கொள்வது அதைவிட நல்லது. காலை வேளையில், ஒருவர் மட்டும் எதிரில் அமர்ந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிய வேண்டும். அந்த இரைச்சல் நம் காதுக்குப் பழகிப்போயிருந்தாலும் பதிவில் குரலை விழுங்கிவிடுகிறது.

அவருடைய புருவத்தில் இருந்த தழும்பைப் பற்றி என்னிடம் மூன்று பதிவுகள் உள்ளன. ஒன்றில் மதில்மேலிருந்து அவரே விழுகிறார். இன்னொன்றில் பந்தயம் கட்டிக் குதிக்கிறார். மூன்றாவதில் அண்ணன் தள்ளிவிடுகிறார். உண்மையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடு என்கிறார் சித்தப்பா. நான் மூன்றையும் தேதியிட்டு வைத்திருக்கிறேன். முதல் இரண்டும் அந்த அண்ணன் உயிரோடிருந்தபோது பதிந்தவை. தள்ளிவிட்ட கதை அவர் காலமான பின்னரே வருகிறது.