பாதி ஜெயம், பாதி தோல்வி: ஜூலை கடைசியில் ஆள் வாங்கலாமா, விற்கலாமா?

ஒன்பதாவது_இன்னிங்ஸ் கேட்டது:

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் அணிகள் ஆட்களைக் கைமாற்றிக்கொள்ள (ட்ரேட் செய்ய) கடைசி நாளான டெட்லைன் ஜூலை கடைசியை ஒட்டி வரும். அந்த வாரம் வந்துவிட்டால் போதும், புள்ளிப்பட்டியலின் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும் எந்த அணியின் ரசிகரைக் கேட்டாலும் 2021 அட்லாண்டா பிரேவ்ஸைத்தான் இழுக்கிறார்கள். அவர்களின் நட்சத்திரம் அகூன்யாவுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது, நடு சீசன் ஆல்-ஸ்டார் இடைவேளையில் 44 ஜெயம், 45 தோல்வி, டெட்லைனுக்குள் நாலு அவுட்ஃபீல்டர்களை (மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்பவர்களை) வாங்கினார்கள், கடைசியில் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸையே ஜெயித்தார்கள். எல்லாம் சரி. ஆனால் அதே டிவிஷனில் (லீகுக்குள் இருக்கும் பிரிவு) மெட்ஸும் அதே நாளில்தான் ஆள் வாங்கியது. அன்றைக்கு முதலிடத்தில் இருந்த அணி, சீசனை 77-85 என்று முடித்தது.

வாங்குவதா விற்பதா என்பதை எந்தக் கணக்கை வைத்து முடிவு செய்ய வேண்டும்? எந்த இடத்துக்கு வாங்கினால் பலன்? என்ன விலை வரை போகலாம்? "மனசு வைத்தால் முடியும்" வகைப் பதில்கள் வேண்டாம், கணக்கோடு சொல்லுங்கள்.

---

ஸ்கோர்கார்டு_மணி:

முதலில் புள்ளிப்பட்டியலை மூடிவிட்டு ரன் கணக்கைத் திறங்கள். அடித்த ரன்னின் வர்க்கம் ஒரு பக்கம். அதோடு விட்ட ரன்னின் வர்க்கத்தையும் கூட்டினால் வருவது இன்னொரு பக்கம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், அணிக்கு நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டிய ஜெய விகிதம் வரும். உதாரணத்துக்கு 105 ஆட்டத்தில் 500 ரன் அடித்து 450 விட்ட அணி: 2,50,000 வகுத்தல் 4,52,500, அதாவது 0.552. 105 ஆட்டத்துக்கு 58 ஜெயம். கையில் 52தான் இருக்கிறது என்றால் நெருக்கமான ஆட்டங்களைக் கோட்டை விட்டிருக்கிறார்கள், சரக்கு மோசமில்லை. தைரியமாக வாங்கலாம். கையில் 64 இருந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

இரண்டுக்கும் 2021லேயே சாட்சி உண்டு. பிரேவ்ஸ் அந்த சீசனில் 790 அடித்து 656 விட்டார்கள். ஜெயித்தது 88, கணக்குப்படி 94, 95 வந்திருக்க வேண்டும். டெட்லைன் நாளில் தோல்விதான் கூட இருந்தது (ஆகஸ்ட் 6 அன்றுதான் முதல் தடவையாக ஜெயக் கணக்கு முந்தியது), ஆனால் ரன் வித்தியாசம் அப்போதே கூட்டல் பக்கம். இந்தப் பக்கம் சியாட்டில் மரைனர்ஸ், 697 அடித்து 748 விட்டு 90 ஜெயித்தது. அவர்கள் ஜூலை 27 அன்று நல்ல ஃபார்மில் இருந்த ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் பந்து போட வருபவர்) கிரேவ்மேனை, எதிரில் விளையாடிக்கொண்டிருந்த ஹூஸ்டனுக்கே கொடுத்தார்கள். அதற்கு முந்தின இரவுதான் அதே ஹூஸ்டனிடம் 0-7 என்று பின்தங்கி, 11-8 என்று ஜெயித்திருந்தார்கள். டிரெஸ்ஸிங் ரூமே கொதித்தது. ஆனாலும் கழித்தல் 51 ரன் வைத்திருக்கும் அணி எதிர்காலத்தை அடகு வைக்காதது சரிதான் என்பது என் கட்சி.

அடுத்தது எந்த இடம். டெட்லைனுக்குப் பிறகு மிச்சம் 55 ஆட்டம் சொச்சம், சீசனில் மூன்றில் ஒரு பங்கு. முழு சீசனுக்கு 6 ஜெயம் மதிப்புள்ள நட்சத்திரம் இந்த இரண்டு மாதத்தில் 2தான் தர முடியும். அவர் உட்கார வைக்கும் ஆள் 3 மதிப்புள்ளவர் என்றால் நிகர லாபம் ஒரே ஒரு ஜெயம். அதே நேரம், கழித்தல் 1 மதிப்பில் ஆடிக்கொண்டிருப்பவரைத் தூக்கிவிட்டு வெறும் 2 மதிப்புள்ள சராசரி ஆளைப் போட்டாலும் அதே ஒரு ஜெயம்தான் கிடைக்கும். விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பிரேவ்ஸ் செய்தது இதைத்தான். அகூன்யா இல்லை, ஒசூனா இல்லை. ஷார்ட்ஸ்டாப் ஆர்சியாவை லெஃப்ட் ஃபீல்டில் நிறுத்திப் பார்க்கும் அளவுக்கு ஓட்டை. ஜூலை 15ல் பீடர்சன், 30ல் டுவால், சொலேர், ரொசாரியோ. சொலேர் கன்சாஸ் சிட்டியில் .192 என்ற மோசமான சராசரியில் அடித்துக்கொண்டிருந்தவர். ரொசாரியோ வாங்கும்போதே காயப் பட்டியலில் இருந்தார், ஆகஸ்ட் 28 வரை களமிறங்கவில்லை. அதனால்தான் மலிவு. ரொசாரியோவுக்குக் கொடுத்தது பாப்லோ சாண்டோவாலை. கிளீவ்லாந்து அவரைக் கையில் வாங்கியதும் விடுவித்துவிட்டது, அதாவது சம்பளச் சுமையைக் கழித்தால் போதும் என்ற கணக்கு. நாலு பேருக்கும் சேர்த்துப் பெரிய ப்ராஸ்பெக்ட் (வளரும் இளம் வீரர்) ஒருவர்கூடப் போகவில்லை. பலன்: சொலேர் 55 ஆட்டத்தில் 14 ஹோம் ரன், பிறகு வேர்ல்ட் சீரிஸ் எம்விபி (தொடரின் சிறந்த வீரர்). ரொசாரியோ லீக் இறுதித் தொடரில் டாட்ஜர்ஸுக்கு எதிராக 25 முயற்சிக்கு 14 ஹிட் அடித்து அந்தத் தொடரின் எம்விபி.

---

புல்பென்_போன்:

மணி அண்ணன் சொன்னது பாதிதான். மீதிப் பாதியை ரசிகர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்: பிரேவ்ஸின் 88 ஜெயம் அந்த வருஷம் ப்ளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் சுற்று) போன பத்து அணிகளிலேயே குறைவு. அமெரிக்கன் லீகில் 91 ஜெயித்த டொராண்டோவும் 90 ஜெயித்த சியாட்டிலும் வீட்டில் உட்கார்ந்திருந்தன. ஆகவே உங்கள் ரன் கணக்கு மட்டும் போதாது, முன்னால் நிற்பவர் யார், எத்தனை பேர் என்பதும் வேண்டும். 5 ஆட்டம் பின்தங்கி ஒரே ஒரு அணியைத் தாண்டுவது ஒரு விஷயம். 4 ஆட்டம் பின்தங்கி ஐந்து அணிகளைத் தாண்டுவது அதைவிடக் கடினம். அந்த ஐந்தில் யாராவது இரண்டு பேர் ஒருவரோடொருவர் மோதும் ஒவ்வொரு நாளும் ஒருவர் ஜெயித்தே தீர்வார்.

மெட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் வாங்கிய ஹாவியர் பாயெஸ் ஒன்றும் சொதப்பவில்லை. 47 ஆட்டத்தில் .299, 9 ஹோம் ரன். ஓட்டை இருந்தது பிட்சிங்கில் (பந்துவீச்சில்). பிட்சர் டெக்ராம் ஜூலை 7க்குப் பிறகு அந்த சீசனில் பந்தே போடவில்லை. அதற்கு ஈடாக அவர்கள் எடுத்தது 41 வயது ரிச் ஹில். கசிவு சமையலறையில் இருக்கும்போது ஹாலுக்குப் பெயின்ட் அடித்த கதை. பாயெஸுக்குக் கொடுத்த பையன் பீட் க்ரோ-ஆம்ஸ்ட்ராங், 2025ல் கப்ஸுக்காக 31 ஹோம் ரன், 35 ஸ்டீல்.

இதில் இன்னொரு சூட்சுமம். ஒப்பந்தம் முடியப் போகிற ஆளுக்கு சொந்த அணி சீசன் முடிந்ததும் குவாலிஃபையிங் ஆஃபர் (லீக் நிர்ணயித்த தொகைக்கு ஒரு வருஷ ஒப்பந்தம்) கொடுக்கலாம். அவர் மறுத்து வேறு அணிக்குப் போனால் டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது) ஒரு கூடுதல் தேர்வு கிடைக்கும். நடு சீசனில் கைமாறி வந்தவருக்கு அந்த ஆஃபரே கொடுக்க முடியாது. பாயெஸ் அந்தக் குளிர்காலம் டெட்ராய்ட் போனபோது மெட்ஸுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. எனவே ரென்டலுக்கு (ஒப்பந்தம் முடியப் போகிற ஆளுக்கு) விலை பேசும்போது "இரண்டு மாதம், அதன்பின் பூஜ்யம்" என்றே எழுதிக்கொள்ளுங்கள். விற்பவர் பக்கம் நேர்மாறு: ஆளை வைத்துக்கொண்டாலே ஒரு டிராஃப்ட் தேர்வு வரும் என்பதால் அதைவிட நல்ல சரக்கு கொடுத்தால்தான் அசைவார்.

ரிலீவர் வாங்கும்போது கூடுதல் எச்சரிக்கை. பிரேவ்ஸ் அதே ஜூலை 30ல் பிட்ஸ்பர்கின் குளோசர் (கடைசி இன்னிங்ஸ் ரிலீவர்) ரிச்சர்ட் ரோட்ரிகெஸையும் வாங்கியது. ஜூன் 21 முதல் நடுவர்கள் பிட்சர் கையில் பிசின் இருக்கிறதா என்று சோதிக்கத் தொடங்கியிருந்தார்கள், அதன்பின் அவர் பந்தின் சுழற்சி குறைந்திருந்தது. டிவிஷன் தொடர் 26 பேரில் அவர் பெயர் இல்லை. சீசன் சராசரியைப் பார்க்காதீர்கள், கடைசி ஐந்தாறு வாரத்தின் வேகம், சுழற்சி, ஸ்ட்ரைக்அவுட் விகிதம் பாருங்கள்.

வாங்கக் கூடாத அணி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் 2023 ஏஞ்சல்ஸ். நட்சத்திரம் ஒட்டானி ஒப்பந்தம் முடிந்து போய்விடுவாரே என்ற பயத்தில் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ், கிரான், கிரிச்சக் என்று அள்ளினார்கள். கேட்சர் எட்கர் குவேரோ கைவிட்டுப் போனார். ஆகஸ்டிலேயே அணி சரிந்தது, 23ஆம் தேதி ஒட்டானிக்கு முழங்கை போனது, மாதக் கடைசியில் வாங்கியவர்களையே வெய்வரில் போட்டார்கள் (எந்த அணியும் கேட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்). முடிவு 73-89.

---

ஒன்பதாவது_இன்னிங்ஸ்:

நன்றி, இருவருக்கும். ஆனால் ஏஞ்சல்ஸ் டெட்லைன் முடிந்தபின் எப்படி ஆட்களைக் கழற்றிவிட முடிந்தது? அப்படியானால் ஆகஸ்டிலும் வாங்கலாமா? அதோடு, நாலு பேர் புதிதாக வந்தால், அணி வைத்துக்கொள்ளக்கூடிய 40 பேர் பட்டியலில் இடத்துக்கு என்ன செய்வார்கள்?

---

நாற்பதாவது_ஆள்:

இது என் ஏரியா. 2018 வரை ஆகஸ்டில் வெய்வர் வழியாக ட்ரேட் செய்யலாம். 2017 ஆகஸ்ட் 31 நள்ளிரவுக்குச் சற்று முன் பிட்சர் வெர்லாண்டர் ஹூஸ்டன் போனது அந்த வழியில்தான். 2019 முதல் ஒரே டெட்லைன். இப்போது ஜூலை 28க்கும் ஆகஸ்ட் 3க்கும் இடையில் ஒரு நாளை லீக் நிர்ணயிக்கிறது.

அதன்பின் 40 பேர் பட்டியலில் இருப்பவரை ட்ரேட் செய்ய முடியாது. வெய்வரில் போடலாம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம், புள்ளிப்பட்டியலில் கீழே இருப்பவருக்கு முன்னுரிமை. கேட்டு எடுப்பவர் மிச்சச் சம்பளம் முழுவதையும் ஏற்க வேண்டும், பதிலுக்கு ஆள் எதுவும் தர வேண்டியதில்லை. ஏஞ்சல்ஸ் அப்படிப் போட்டதற்குக் காரணம் 2023ன் 233 மில்லியன் டாலர் ஆடம்பர வரி வரம்பு (மொத்தச் சம்பளம் அதைத் தாண்டினால் வரி). அதற்குக் கீழே இறங்கினால் ஒட்டானி போவதற்கு ஈடாகக் கிடைக்கும் டிராஃப்ட் தேர்வு நான்காம் சுற்றுக்குப் பின் இல்லாமல் இரண்டாம் சுற்றை ஒட்டி வரும். ஜியோலிட்டோ, லோபஸ், மேட் மூர் மூவரையும் கிளீவ்லாந்தே எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 31க்குள் எடுத்தால்தான் அந்த ஆள் ப்ளேஆஃப் ஆட முடியும், செப்டம்பர் 1ல் வந்தவருக்குத் தகுதி இல்லை. அந்த சீசனில் ஒருநாள்கூட 40 பேர் பட்டியலில் ஏறாத, மைனர் லீக் ஒப்பந்தத்தில் உள்ளவரை மட்டும் டெட்லைனுக்குப் பிறகும் கைமாற்றலாம். அங்கே தேடினால் மூன்றாவது கேட்சர் கிடைப்பார், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இடம் விஷயம். 40 நிரம்பியிருந்தால் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒருவர் இறங்க வேண்டும். ஒருவரை டிஎஃப்ஏ செய்தால் (பட்டியலிலிருந்து நீக்கினால்) ஏழு நாள் அவகாசம். அதற்குள் ட்ரேட், வெய்வர், விடுவிப்பு, ஏதாவது ஒன்று. ட்ரேட் டெட்லைன் தாண்டியிருந்தால் முதல் வழி அடைந்துவிடும், அதனால் டிஎஃப்ஏவை இரண்டு நாள் முன்பே செய்பவர்தான் கெட்டிக்காரர். நீண்ட காயம் உள்ளவரை 60 நாள் காயப் பட்டியலுக்கு மாற்றினால் 40ல் இடம் காலியாகும். 10 நாள், 15 நாள் பட்டியலால் அந்தப் பயன் இல்லை. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

ஆட்டத்துக்குத் தயாராக இருக்கும் 26 பேர் பட்டியல் தனிக் கணக்கு, அதில் பிட்சர் 13க்கு மேல் கூடாது. செப்டம்பர் 1 முதல் 28 பேர், பிட்சர் 14. மைனர் லீகுக்கு அனுப்பும் ஆப்ஷன் தீர்ந்துபோன ரிலீவர் மூன்று பேரை வைத்துக்கொண்டு நாலாவதாக இன்னொருவரை வாங்கினால் யாரையும் கீழே அனுப்ப முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். வாங்கும் முன் ஆப்ஷன் எத்தனை மிச்சம் என்று பார்ப்பது ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விடும் ரன்) பார்ப்பதைவிட முக்கியம் என்பேன்.

பையன்களில் யாரைக் கொடுப்பது என்பதற்கும் நாள்காட்டி உண்டு. நவம்பரில் ரூல் 5 டிராஃப்டுக்கு (40ல் இல்லாத பையன்களை மற்ற அணிகள் எடுக்கலாம்) முன் 40ல் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியவர்கள் நாலைந்து பேர் இருந்து, இடம் இரண்டுதான் என்றால் மிச்சப் பேரை ஜூலையிலேயே கொடுப்பதுதான் புத்தி. பின்னால் சும்மா இழப்பதற்கு இப்போது ஒரு பேட்ஸ்மேனாவது கிடைக்கும்.

எல்லாம் பேசி முடித்தபின் கவிழ்வதும் உண்டு. 2022ல் ஹுவான் சோட்டோவை சான் டியேகோ வாங்கிய ட்ரேடில் எரிக் ஹாஸ்மரும் வாஷிங்டன் போக வேண்டியவர். ஒப்பந்தத்தில் இருந்த மறுப்புரிமையைக் காட்டி முடியாது என்றுவிட்டார், அவர் இடத்தில் லூக் வாய்ட் போனார். ஹாஸ்மர் அன்றே பாஸ்டனுக்குப் போனார். பத்து வருஷ சர்வீஸ், அதில் கடைசி ஐந்து ஒரே அணியில் என்றால் ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் இந்த உரிமை தானாக வரும்.

---

ஸ்கோர்கார்டு_மணி:

2025 சியாட்டிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இந்தத் தடவை அவர்கள் வாங்கியதற்கு நான் கை தட்டுவேன். பிட்சிங் இருந்தது, கேல் ராலி 60 ஹோம் ரன் போகும் வழியில் இருந்தார், ஓட்டை முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும். அரிசோனாவிடமிருந்து ஜாஷ் நெய்லர், ஒரு வாரம் கழித்து யூஹேனியோ சுவாரெஸ். சுவாரெஸ் வந்தபின் சராசரி .189தான், ஆனால் லீக் இறுதித் தொடரில் டொராண்டோவுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் கிராண்ட் ஸ்லாம் (நாலு ரன் தரும் ஹோம் ரன்) அவருடையது. 90 ஜெயம், 2001க்குப் பிறகு முதல் டிவிஷன் பட்டம், அதனால் முதல் சுற்று பை (ஆடாமலே அடுத்த சுற்று).

அந்த பை எவ்வளவு மதிப்பு என்பதை டெட்லைன் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை. 2022 முதல் லீகுக்கு ஆறு அணி. டிவிஷன் ஜெயித்தவர்களில் முதல் இருவர் நேராக இரண்டாம் சுற்று. மற்ற நால்வரும் மூன்று ஆட்டத் தொடரில் மோத வேண்டும், அதுவும் மூன்றும் மேல் வரிசை அணியின் மைதானத்தில். டிவிஷனில் முன்னணியில் இருப்பவர் ஒரு ஜெயம் கூடுதலாக வாங்க அதிக விலை கொடுப்பதில் நியாயம் உண்டு. ஆறாவது இடத்துக்கு அலைபவர் அதே விலை கொடுத்தால் நஷ்டம்.

---

புல்பென்_போன்:

அதோடு டை-பிரேக்கரும் (இரு அணி சமமாக முடித்தால் யார் மேல் என்பது). முன்பு போல் அதற்கென்று 163வது ஆட்டம் கிடையாது, நேருக்கு நேர் கணக்குதான் முதலில். டிவிஷன் எதிரியோடு சீசனுக்கு 13 ஆட்டம். 2025ல் டொராண்டோவும் யாங்கீஸும் 94-68. நேருக்கு நேர் 8-5 என்பதால் பட்டமும் பையும் டொராண்டோவுக்கு. நேஷனல் லீகில் 83-79 என்று சமமாக முடிந்தும் சின்சினாட்டி உள்ளே, மெட்ஸ் வெளியே. ஆமாம், மறுபடி மெட்ஸ்தான்: ஹெல்ஸ்லி, டைலர் ராஜர்ஸ், கிரெகரி சோட்டோ என்று மூன்று ரிலீவர்களை வாங்கினார்கள், ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) ஒருவரும் இல்லை. ஹெல்ஸ்லி வந்தபின் ஈஆர்ஏ 7.20.

உங்கள் அணி எது என்று சொல்லவில்லையே. அடித்த ரன், விட்ட ரன், முன்னால் நிற்கும் அணிகளோடு மிச்சம் எத்தனை ஆட்டம், இந்த மூன்றையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.