கோக்கேன்: நரம்பை மரக்கச் செய்வதும் மூளையைக் கிளர்த்துவதும் எப்படி?

கேள்வி:
1884-இல் வியன்னா மருத்துவர் கார்ல் கோலர், கோக்கேன் கரைசலைக் கண்ணில் சொட்டாக விட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே வலியின்றி அறுவை செய்ய வழி கண்டார். நரம்பை மரத்துப்போகச் செய்யும் அதே பொருள் மூளையை மட்டும் ஏன் கிளர்ச்சியடையச் செய்கிறது?

பதில் 1:
இரண்டும் வெவ்வேறு இடங்களில் நடப்பவை. நரம்பிழையின் சவ்வில் சோடியம் அயனிகள் உள்ளே நுழைந்து மின்துடிப்பை உண்டாக்கும் வாயில்களைக் கோக்கேன் அடைத்துவிடுவதால், மின்துடிப்பு மேற்கொண்டு நகராமல் நின்று, வலிச்செய்தி மூளையை எட்டுவதே இல்லை. மூளையிலோ, நரம்பு முனைகள் வெளியிட்ட டோபமைன், நார்அட்ரினலின் என்னும் செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள் திரும்ப உறிஞ்சப்படுவதை அது தடுக்கிறது. அவை இரு நரம்புச் செல்களுக்கு இடையிலான இடைவெளியிலேயே தேங்கி அடுத்த செல்லைத் தொடர்ந்து தூண்டுகின்றன. இந்தக் கிளர்ச்சிக்கு மிகக் குறைந்த செறிவே போதும், மரத்துப்போவதற்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும் என்பதே உங்கள் கேள்விக்கான விடை என்பேன்.

பதில் 2:
நார்அட்ரினலின் தேங்குவதால் இரத்தக் குழாய்களும் சுருங்குகின்றன. கோக்கேன் பயன்படுத்திய மூக்கு அறுவையில் குருதிக் கசிவு குறைந்ததற்கு அதுவே காரணம். இதயத்துக்கு ஆபத்தும் பெரும்பாலும் அதே வழியில் வருகிறது.

பதில் 3:
அன்றைய மருத்துவர்கள் கொடுத்த விலையையும் மறக்கக் கூடாது. நரம்பருகே கோக்கேனை ஊசியால் செலுத்தி மரக்கச் செய்யும் நரம்புத் தடுப்பு முறையைத் தம் உடலிலேயே சோதித்த அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் கோக்கேனுக்கு அடிமையானார். மார்ஃபின் என்னும் வலிநீக்கி மருந்தின் பழக்கத்திலிருந்து மீட்பதற்காக, உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்ட் தம் நண்பர் பிளைஷ்லுக்குக் கோக்கேனைப் பரிந்துரைக்க, அவர் இரண்டுக்கும் அடிமையானதுதான் எனக்கு மிகவும் வேதனை தருவது. 1905-இல் புரோக்கெய்ன் என்னும் செயற்கை மருந்து புழக்கத்துக்கு வந்த பிறகு, இந்தக் கிளர்ச்சி இல்லாத மரப்பு மருந்து பரவலாகக் கிடைத்தது.