டேங்க் நிறைஞ்சுபோச்சா? இடிக்கும் முன் மூடியைத் திறந்து பாருங்க

செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். உள்ளே ஒரு வாளி தண்ணீர் விழுந்தால் மறுபக்கம் ஒரு வாளி வெளியேற வேண்டும், அதன் வேலையே அதுதான். அதனால் "நிறைஞ்சுபோச்சு, புதுசா கட்டணும்" என்று யாராவது சொன்னால், தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கேளுங்கள்.

இரண்டாவது அறையின் மூடியைத் தூக்குங்கள். வெளியேறும் பைப்பின் அடிவிளிம்போடு தண்ணீர் நின்றால் டேங்கில் குறையில்லை. பைப்பையே மூழ்கடித்து நின்றால் கோளாறு உறிஞ்சு குழியில், அதாவது டேங்கிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் குழியில். முதல் அறையில் மட்டும் ஏறி நின்றால் நடுச்சுவர்த் துளையில் அடைப்பு. இரண்டிலும் அந்த பைப் விளிம்புக்கு ஒரு சாண் கீழே கிடந்தால் டேங்க் ஒழுகுகிறது. எல்லாம் சரியாக இருந்தும் டாய்லெட்டில் தண்ணீர் இறங்கவில்லையா? வீட்டிலிருந்து டேங்குக்கு வரும் பைப்பில் கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள்.

* * *

இதோடு ஒன்று. கழிவு உறிஞ்சும் வண்டி வரும் அன்று வெளியேறும் பைப்பின் வாயைக் கவனியுங்கள். டேங்க் மட்டம் இறங்க இறங்க, குழியிலிருந்து தண்ணீர் திரும்பி டேங்குக்குள் கொட்டினால் குழி செத்துவிட்டது. சுற்றியுள்ள மண்ணில் கரிய வழவழப்பான படலம் படிந்து துவாரங்களை மூடியிருக்கும். அந்தக் குழியை வைத்துக்கொண்டு டேங்கை மட்டும் புதிதாகக் கட்டினால் பழைய தொல்லையே திரும்ப வரும்.

படலம் ஏன் வருகிறது? பெரும்பாலும் டேங்கைக் காலத்தில் அள்ளாமல் கசடு குழிக்குப் போனதால். நீளக் கம்பில் வெள்ளைத்துணி சுற்றி அடிவரை இறக்கி, சில நிமிடம் வைத்து எடுங்கள். கறுப்பாகக் கறை படிந்த உயரம் கசடு. அதோடு மேலே மிதக்கும் ஏட்டின் தடிமனையும் கூட்டி, நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் அள்ள வேண்டிய நேரம்.

* * *

புதிதாகக் கட்டுபவர்களுக்கு. ஐந்தாறு பேர் வீடு, குளியல் தண்ணீரும் இதிலேயே வருகிறது என்றால் 3,000 லிட்டருக்குக் குறையாதீர்கள். உள்ளளவு 8 அடி நீளம், 3½ அடி அகலம், நீர் ஆழம் 4 அடி என்றால் 112 கன அடி, ஏறக்குறைய 3,170 லிட்டர். அதற்கு மேல் ஓர் அடி காலியிடம். நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் அறைக்கு. நடுச்சுவர்த் துளை நீர் ஆழத்தின் நடுவில் வர வேண்டும். மேலே வைத்தால் ஏடும், அடியில் வைத்தால் கசடும் தாண்டிவிடும்.

வீட்டிலிருந்து வரும் 110 மி.மீ. பைப்புக்குப் பத்தடிக்கு இரண்டரை அங்குல வாட்டம் போதும். வெளியேறும் பைப் உள்ளே வரும் பைப்பைவிட 2 அங்குலம் தாழ்வாக இருக்கட்டும்.

இரண்டு வாயிலும் டீ (T வடிவ பைப் இணைப்பு) கட்டாயம். டீ தீர்ந்துவிட்டால் சிலர் எல்போவை (L வடிவ இணைப்பு) மாட்டி மூடிவிடுகிறார்கள். அங்கேதான் வினை. டீயின் மேல்வாய் திறந்திருந்தால் வாயு வெளியேறும், அடைப்பு வந்தால் மேலிருந்து கம்பி விட்டுக் குத்தலாம். எல்போவில் இரண்டுக்கும் வழியில்லை. உள்வரும் டீயின் கால் தண்ணீருக்குள் ஓர் அடி, வெளியேறும் டீயின் கால் ஒன்றரை அடி. மேல்வாய் தண்ணீருக்கு ஆறு அங்குலம் மேலே.

மண் தள்ளுவதற்கு முன் வெளியேறும் மட்டம் வரை தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விடுங்கள். சுவர் கொஞ்சம் குடிக்கும். மறுபடி நிரப்பி இன்னொரு நாள் பாருங்கள். அப்போதும் இறங்கினால் பூச்சில் கசிவு.

* * *

ரெடிமேட் பிளாஸ்டிக் டேங்க் வாங்குபவர்கள் தண்ணீர் நிரப்பிக்கொண்டேதான் சுற்றிலும் மணல் போட வேண்டும். வெறும் டேங்கைப் புதைத்து, மழையில் நிலத்தடி நீர் ஏறினால் 2,000 லிட்டர் டேங்கைக் கிட்டத்தட்ட இரண்டு டன் விசை மேலே தள்ளும். பைப்பை எல்லாம் முறித்துக்கொண்டு தரைக்கு மேல் வந்துவிடும். நீர்மட்டம் உயரமான இடத்தில் அடியில் கான்கிரீட் பலகை போட்டுப் பட்டையால் கட்டுங்கள். அதே இடங்களில் மழைக்காலத்தில் ஒட்ட உறிஞ்சி வெறுமையாக விடுவதும் ஆபத்து.

* * *

குழிக்கு இடம் பார்க்கும்போது மண்ணைச் சோதிக்காமல் அளவு சொல்பவரை நம்பாதீர்கள். குழி வரப்போகும் ஆழத்துக்குச் சிறு துளை தோண்டி, அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டு, தண்ணீர் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் ஜல்லிக்கு மேல் ஆறு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, அரை மணிக்கு ஒருமுறை அளந்து நிரப்புங்கள். ஓர் அங்குலம் இறங்க ஒரு மணிக்கு மேல் ஆனால் அந்த மண்ணுக்கு உறிஞ்சு குழி ஒத்துவராது. மழைக்கால நீர்மட்டத்துக்கும் குழியின் அடிக்கும் இடையே குறைந்தது 5 அடி மண் இருக்கட்டும். குடிநீர்க் கிணற்றுக்கு 50 அடி, மணல் பூமியானால் 100 அடி தள்ளி.

* * *

யாரும் உள்ளே இறங்கக் கூடாது, "ஒரு நிமிஷம்தான்" என்றாலும். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் இல்லையென்று நினைப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவார். தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது அதைவிட மோசம், மீத்தேன் பற்றிக்கொள்ளும்.

புது டேங்குக்கு மாறினால் பழையதை அப்படியே மூடி வைக்காதீர்கள். முழுக்க உறிஞ்சி, வெளியே நின்றபடியே அடித்தளத்தில் துளை போட்டு, மேல்பலகையை உடைத்து, மணல் நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்குங்கள்.