புதுப்பிப்பு: அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) வட்ட எக்கோ ரேடியோ மறுபடி பாடுதுங்க

1945-இல் வந்த எக்கோ ஏ22 என்ற பிரிட்டிஷ் வால்வு ரேடியோ, வட்டமான பேக்கலைட் (பழைய கெட்டி பிளாஸ்டிக்) பெட்டி. போட்ட பத்து நிமிஷத்தில் குரல் கரகரத்து, அவுட்புட் வால்வு (ஒலிபெருக்கியை ஓட்டும் கண்ணாடிக் குழாய்) அளவுக்கு மீறிக் கொதிக்குதுன்னு போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க.

"வால்வை மாத்தாதீங்க, கப்ளிங் கண்டன்சரைப் பாருங்க" என்று ஈரோட்டு அண்ணன் சொன்னதுதான் சரி. முந்தைய கட்டத்திலிருந்து ஒலி சிக்னலை மட்டும் விட்டு, டிசி வோல்ட்டைத் தடுக்கும் பாகம்தான் கப்ளிங் கண்டன்சர். அவுட்புட் வால்வின் கிரிட்டில் (சிக்னல் உள்ளே போகும் முனை) 11 வோல்ட் பாசிட்டிவ் நின்றது. பாசிட்டிவே வரக்கூடாத இடம் அது. மெழுகுக் காகிதத்தாலான அந்தக் கப்ளிங் கண்டன்சர் டிசியைக் கசிய விட்டிருக்கிறது. அதே மதிப்பில் 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டன்சர் போட்டதும் கிரிட் வோல்ட் பூஜ்யத்துக்கு இறங்கியது. பழைய வால்வே ஓடுகிறது. முதலில் கரண்ட் கொடுத்தபோது 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுக்கொண்டேன்; உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு கரண்டை மட்டுப்படுத்தும். நீங்களும் அப்படியே செய்யுங்க.

எதிர்பாராத சிக்கல் டயலில். ஒலிபெருக்கியைச் சுற்றி வட்டமாக ஓடும் அந்த அழகான டயலில் இருப்பது மீட்டர் கணக்கு, அதாவது அலைநீளம். கோவை வானொலியோ 999 கிலோஹெர்ட்ஸ். 300000-ஐ 999-ஆல் வகுத்தால் சுமார் 300 மீட்டர். முள்ளை அங்கே வைத்து, கொல்லைப்புறம் ஒரு ஒயரை ஏரியலாக இழுத்ததும் கோபிச்செட்டிப்பாளையத்தில் தெளிவாகக் கேட்டது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துட்டாங்க.