சாக்கடையா, டேட்டா சென்டரா? ஹீட் பம்புக்கு வெப்பம் எங்கே எடுப்பது?

வடக்குக்காற்று கேட்கிறார்:
வணக்கம். குளிர் நாட்டில் 80 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பைப் பராமரிக்கிறேன். இப்போது எரிவாயு பாய்லர். ஹீட் பம்புக்கு (வெளியே இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து, சூட்டைக் கூட்டி வீட்டுக்குத் தரும் எந்திரம்) மாற வேண்டும். நகரத்தில் வீணாகும் வெப்பத்தைப் பிடிக்க முடியுமா என்று தேடியதில் மூன்று இடங்கள் அகப்பட்டன. 4 கி.மீ. தள்ளி ஒரு டேட்டா சென்டர் (30 டிகிரி), பக்கத்துத் தெருவுக்கு அடியில் பெரிய பாதாளச் சாக்கடை (12 டிகிரி), கொஞ்ச தூரத்தில் சுரங்க ரயிலின் காற்றுப்போக்கி. சூடு அதிகம் என்பதால் டேட்டா சென்டர்தான் என்று தோன்றுகிறது. சரிதானா?

குழாய்க்காரர்:
கழிவுநீரிலிருந்து வெப்பம் எடுக்கும் நிலையத்தில் வேலை பார்ப்பவன் நான். அதனால் சாக்கடைப் பக்கம் கொஞ்சம் சாய்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 30 டிகிரியைப் பார்த்து மயங்காதீர்கள். 80 வீடுகளுக்காக 4 கி.மீ. தெருவைத் தோண்டினால் மிச்சமாகும் மின்சாரமெல்லாம் குழாய்ச் செலவிலேயே போய்விடும்.

சாக்கடையில் முதலில் கேட்க வேண்டியது ஓட்டம், சூடு அப்புறம்தான். மழையில்லாத நாளில் சராசரியாக விநாடிக்கு 15 லிட்டராவது ஓட வேண்டும், குழாயின் விட்டம் 80 செ.மீ. இருக்க வேண்டும் என்பது ஜெர்மனி, சுவிட்சர்லாந்துப் பொறியாளர்களின் கைக்கணக்கு. மாநகராட்சியில் சராசரியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நீங்கள் விடியற்காலை 4 மணிக் கணக்கைக் கேளுங்கள். அந்நேரம் யாரும் குளிப்பதில்லை, வீட்டுக்குச் சூடு மட்டும் தேவைப்படும். அப்போது ஓடுவது விநாடிக்கு 10 லிட்டர்தான் என்றாலும், அதை 4 டிகிரி குளிர்வித்தால் 167 கிலோவாட் கிடைக்கும். சி.ஓ.பி. (ஒரு பங்கு மின்சாரத்துக்கு எத்தனை பங்கு வெப்பம் வீட்டுக்கு வரும் என்ற கணக்கு) 3 என்றால் கம்ப்ரஸர் இழுக்கும் 83 கிலோவாட்டும் சேர்ந்து 250 கிலோவாட் வீடுகளுக்குப் போகும். கடுங்குளிர் நாட்களுக்குப் பழைய பாய்லரை வைத்துக்கொள்ளுங்கள், விற்றுவிடாதீர்கள்.

அப்புறம் வழவழப்பு. சாக்கடை நீரிலிருந்து வெப்பத்தை வாங்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் தகட்டைத் தூக்கிப் பார்த்தால் ஆறிய கஞ்சியின் ஆடை போலச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருக்கும். முழுக்க நுண்ணுயிர்கள். வெப்பம் கடப்பதை நன்றாகவே தடுக்கும். எனவே தகட்டுப் பரப்பைத் தாராளமாகவே கேளுங்கள். சல்லடையில் சுற்றிக்கொள்ளும் வெட் வைப்ஸ் தனிக் கதை. கழிப்பறையில் போடலாம் என்று உறையில் அச்சடித்தவரை ஒருநாள் எங்கள் சல்லடையைக் கழுவ வைக்க ஆசை.

சுத்திகரிப்பு நிலையத்தாரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். அங்கே அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் குளிரில் சோம்பிவிடும். உள்ளே வரும் நீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் சண்டைக்கு வருவார்கள். ஹெல்சின்கியின் கத்ரி வாலா நிலையமும் (2006), ஸ்டாக்ஹோமின் ஹம்மர்பி நிலையமும் சுத்திகரித்த பிறகு வெளியேறும் நீரில் வெப்பம் எடுப்பதால் அவர்களுக்கு இந்தத் தகராறு இல்லை. உங்களுடையது சின்ன அளவு, போகிற வழியில் மற்ற நீர் கலந்துவிடும். ஆனாலும் அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்:
சுரங்க ரயில் வெப்பத்துக்கு முன்னுதாரணம் உண்டு. லண்டன் இஸ்லிங்டனில் 2020 முதல் நார்தர்ன் பாதையின் காற்றுப்போக்கி வழியாக வரும் வெதுவெதுப்பான காற்றை எடுக்கிறார்கள். அங்கே வெப்பக் குழாய் வலை ஏற்கெனவே இருந்தது, உங்களுக்கு இல்லை.

நான் கேட்பது வேறு. உங்கள் ரேடியேட்டருக்கு (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் பலகை) எத்தனை டிகிரி நீர் வேண்டும்? கெல்வினில் (டிகிரியோடு 273 கூட்டி) போட்டுப் பாருங்கள்: வீட்டுக்குக் கொடுக்கும் வெப்பநிலையை, அதற்கும் வெப்பம் எடுக்கும் இடத்தின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, அதில் பாதி எடுத்தால் நிஜ சி.ஓ.பி.க்குப் பக்கத்தில் வரும். டேட்டா சென்டரின் 30-இலிருந்து 75-க்கு ஏற்றினால் 3.9. சாக்கடையின் 12-இலிருந்து 75-க்கு என்றால் வெறும் 2.8. அதே சாக்கடையிலிருந்து 55 போதும் என்றால் 3.8! 4 கி.மீ. குழாயால் வரும் லாபம் குறைந்த சூட்டிலேயே வேலை செய்யும் பெரிய ரேடியேட்டராக மாற்றினாலே வந்துவிடுகிறது.

வடக்குக்காற்று:
இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. ஜன்னல்களை இரட்டைக் கண்ணாடியாக மாற்றியாயிற்று, ரேடியேட்டர் மட்டும் பழசு. பாய்லரையே 55-இல் வைத்து ஓட்டிப் பார்க்கலாமா?

குழாய்க்காரர்:
தாராளமாக. குளிர் உச்சத்தில் இருக்கும் வாரத்தில் செய்யுங்கள், மேல்மாடி மூலை வீடுகளைக் கவனியுங்கள். நடுவில் இருப்பவர்களுக்குக் குளிரே தெரியாது. யார் வீட்டில் புகார் வருகிறதோ அங்கே மட்டும் பெரிய ரேடியேட்டர் போட்டால் போதும். குளிக்கும் வெந்நீர்த் தொட்டியை மட்டும் 60-க்குக் கீழே இறக்காதீர்கள், லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும். அதற்குத் தனியாக ஒரு சின்ன ஹீட் பம்ப் வைத்துவிடுங்கள்.