மோல் கணக்கில் பிள்ளைகள் தடுமாறும் இடம்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பினாங்கின் பிறையில், மாலை நேரங்களில் நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். நான்காம் படிவத்தின் மூன்றாம் பாடத்தில் மோல் வரும். டஜன் என்றால் பன்னிரண்டு என்பதுபோல, அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணும் அலகுதான் மோல். அதுவரை நன்றாகப் படித்து வந்த பிள்ளைகூட அங்கே வந்து நின்றுவிடும். "இவளுக்குக் கணக்கு வராது சார்" என்பார்கள் பெற்றோர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மோல் கணக்கில் பெரும்பாலும் இருப்பது பெருக்கலும் வகுத்தலும்தான். எதை எண்ணுகிறோம் என்பது மனத்தில் பதியாததுதான் சிக்கல்.

அண்மையில் வகுப்பில் நடந்தது இது. 16 கிராம் ஆக்சிஜன் எத்தனை மோல் என்று கேட்டேன். ஒரு பையன் 1 என்றான். பக்கத்தில் இருந்த பெண் 0.5 என்றாள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்கவும் தேவையில்லை, இரண்டுமே சரி! அணுக்களாக எண்ணினால், ஒரு மோல் ஆக்சிஜன் அணுக்கள் 16 கிராம், ஆகவே 16ஐ 16ஆல் வகுக்கிறோம், 1 மோல். ஆக்சிஜன் வாயுவின் மூலக்கூறில் இரண்டு அணுக்கள். மூலக்கூறுகளாக எண்ணினால் 32ஆல் வகுக்கிறோம், அரை மோல். என் கேள்வியே முழுமையானதில்லை என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் அப்படிக் கேட்டேன். மோல் என்று எழுதினால் அது எதனுடைய மோல் என்பதையும் பக்கத்திலேயே எழுதச் சொல்கிறேன். வெறும் "0.5 மோல்" என்று வரும் விடையைத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

மோலார் நிறைக்கு, அதாவது ஒரு மோல் பொருளின் எடைக்கு, கோயில் உண்டியல் சில்லறையைச் சொல்வது வழக்கம். ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம், வகை பிரித்து நிறுத்தாலே எத்தனை காசு என்று தெரிந்துவிடும். இப்போது புழங்கும் 10 காசு 2.98 கிராம், 20 காசு 4.18 கிராம். ஆயிரம் 10 காசு 2.98 கிலோ இருக்கும், ஆயிரம் 20 காசு 4.18 கிலோ. எண்ணிக்கை ஒன்றுதான், எடை வேறு. மோலில் அந்த எண்ணிக்கை 6.02 × 10²³. அத்தனை தண்ணீர் மூலக்கூறுகள் 18 கிராம், அத்தனை சீனி மூலக்கூறுகள் 342 கிராம். இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் வேலையே இல்லை.

அப்புறம் ஒரு புள்ளி. நீலநிறக் காப்பர் சல்பேட் படிகத்தின் வாய்பாட்டில், ஐந்து தண்ணீர் மூலக்கூறுகளுக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்திருப்பார்கள். ஒரு மாணவி அதைப் பெருக்கல் குறி என்று எடுத்துக்கொண்டு, காப்பர் சல்பேட்டின் 160ஐ ஐந்து தண்ணீரின் 90ஆல் பெருக்கி, மோலார் நிறை 14,400 கிராம் என்று கொண்டுவந்தாள். தவறு என்று நான் சொல்லவில்லை. "ஒரு மோல் தண்ணீர் ஒரு மடக்குக்குள் அடங்கிவிடும். இந்தப் படிகம் மட்டும் ஒரு மோல் பதினான்கு கிலோ வருமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே கூட்டல் போட்டாள், 250. விடை நியாயமாக இருக்கிறதா என்று பார்க்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டால் போதும், மற்றது தானாக வரும். அடைப்புக்குறி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கால்சியம் ஹைட்ராக்சைடில், Ca(OH)₂, வெளியே இருக்கும் 2 உள்ளே இருக்கும் இரண்டு தனிமங்களுக்கும் சேரும், ஆகவே 74. ஹைட்ரஜனை மட்டும் இரட்டித்து 58 என்று எழுதுகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள்.

உங்கள் பிள்ளைகள், உங்கள் வேலையிடம், எங்கே மோலைச் சந்தித்தீர்கள் என்று எழுதுங்கள்.

*பாயான் லெப்பாஸ் உறுப்பினர்:*
சார், நான் தொழிற்சாலை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எங்களுக்குத் தினமும் மோல்தான். சோடியம் ஹைட்ராக்சைடின் மோலார் நிறை 40. லிட்டருக்கு 0.1 மோல் கரைசல் வேண்டுமென்றால் 4 கிராம் நிறுத்து, கரைத்து, ஒரு லிட்டருக்குத் தண்ணீர் சேர்க்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் புதிதாக வந்த தம்பி ஒருவர் தராசுத் தட்டில் வில்லைகளைக் கொட்டிவிட்டு எண் நிற்பதற்காகக் காத்திருந்தார். நம் ஊர் ஈரக்காற்றில் எண் நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. வில்லைகள் பளபளவென்று ஈரமாகிவிட்டன. அது காற்றிலிருக்கும் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். தராசு காட்டும் 4 கிராம் முழுவதும் சோடியம் ஹைட்ராக்சைடு ஆகாது. அதனால்தான் நிலையான ஓர் அமிலத்தோடு தரம்பார்த்த (வினைபுரியவைத்து உண்மையான செறிவை அளந்த) பிறகே பாட்டிலில் செறிவை எழுதுவோம். பொருள் தூய்மையாக இருந்தால்தான் மோலார் நிறை சொல்லும் கணக்கு சரியாக வரும் என்பதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

*செந்தூல் உறுப்பினர்:*
என் மகன் நான்காம் படிவம். மெக்னீசியத்தை மண்குவளையில் எரித்து நிறுத்த அன்று மகிழ்ச்சியாக வீட்டுக்கு வந்தான். 2.4 கிராம் மெக்னீசியம் 4.0 கிராம் ஆக்சைடு ஆக வேண்டும், சேர்ந்த 1.6 கிராம் ஆக்சிஜன், ஆகவே 0.1 மோலுக்கு 0.1 மோல், அணுக்கள் ஒன்றுக்கு ஒன்று என்று விளக்கினான். அவர்களுக்கு வந்தது கொஞ்சம் குறைவாம். மூடியை அடிக்கடி திறந்ததில் வெள்ளைப் புகையாகப் போனது ஆக்சைடுதான் என்று ஆசிரியை சொன்னாராம். அவன் என்னிடம் கேட்டது இதுதான் சார்: 6.02 × 10²³ என்று யார் எண்ணினார்கள்? அவோகாட்ரோவா?

*முதலில் எழுதியவர்:*
அருமையான கேள்விம்மா. அவோகாட்ரோ எண்ணவில்லை. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811இல் சொன்னார், அவ்வளவுதான். மூலக்கூறின் அளவை மதிப்பிட்டு, இந்த எண்ணைக் கணக்கிட வழி திறந்தவர் லோஷ்மிட் என்ற விஞ்ஞானி, 1865இல். இந்த எண்ணுக்கு அவோகாட்ரோவின் பெயரை வைத்தவர் பெரின் என்ற விஞ்ஞானி, 1909இல். பிறகு ஏறக்குறைய ஒரு கிலோ எடையில் சிலிக்கன் உருண்டை ஒன்றைச் செய்தார்கள். படிகத்தில் அணுக்கள் எவ்வளவு இடைவெளியில் அடுக்கியிருக்கின்றன என்று எக்ஸ்ரே கொண்டு அளந்தார்கள், உருண்டையின் கன அளவை லேசரால் அளந்தார்கள். இரண்டையும் வைத்து உள்ளே எத்தனை அணுக்கள் என்று கணக்கிட்டார்கள். 2019 மே 20 முதல் அந்த எண் 6.02214076 × 10²³ என்று நிலையாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் மகனுக்கு 6.02 × 10²³ போதும்.