மயிலாப்பூர் பக்கம் இன்று இரவு கண் மருத்துவர் எங்கே இருப்பார்?

பங்குனித் திருவிழாவுக்காக மதுரையிலிருந்து தங்கை வந்திருக்கிறாள். நேற்று அறுபத்து மூவர் பார்க்க மாட வீதியில் நின்றோம்; பல்லக்குகள், நீர்மோர், கூட்டம் என்று அவ்வளவு சந்தோஷம். இன்று காலையிலிருந்து அவளுக்கு வலது கண் சிவந்து, வெளிச்சத்தையே பார்க்க முடியாத வலி. பார்வையும் மங்கலாக இருக்கிறதாம். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவள், கருவிழியில் புண்ணோ என்று பயமாக இருக்கிறது. லென்ஸைக் கழற்றி டப்பாவில் வைத்திருக்கிறோம், மருத்துவர் கேட்கக்கூடும். மருந்துக் கடையில் தந்த சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கிறது. கிருமித் தொற்றாக இருந்தால் அது இன்னும் மோசமாக்கிவிடும், அதனால் போடவில்லை.

ஞாயிறு என்பதால் பக்கத்து கிளினிக் மூடியிருக்கிறது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் இந்த நேரத்தில் அவசரத்துக்குப் பார்ப்பார்களா? அண்மையில் போனவர்கள் சொல்லுங்கள். வேறு இடம் தெரிந்தாலும் சரி, உடனே கிளம்பத் தயார்.